கடலூர் துறைமுகப் பெட்டியும் 9.8 வாட் கணக்கும்: பல்கோர் டிஎஸ்பி மின்செலவு மதிப்பீடு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எங்கள் சிறிய நிறுவனம் உருவாக்கிய ஒரு கருவி, கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் கோடையில் சில நாட்களில் நண்பகலில் நின்று நின்று இயங்கியது. எட்டு கோர்கள் (தனித்தனியே கணிக்கும் மையங்கள்) கொண்ட டிஎஸ்பி சில்லு, அதாவது ஒலி போன்ற குறிப்பலைகளைக் கணிப்பதற்கான செயலி ஒன்று, அதன் உள்ளே இருந்தது. அந்தச் சில்லு 9.8 வாட் எடுக்கும் என்று கணக்கிட்டோம்; ஆய்வுமேசையில் அளந்தபோது 9.9 வாட் வந்தது. இவ்வளவு நெருக்கமாகப் பொருந்திய கணக்கு களத்தில் எப்படித் தவறியது என்பதே இந்த ஆய்வின் பொருள். கணக்கில் ஒரு பிழை இருந்திருந்தால் மேசையிலேயே தெரிந்திருக்கும். எதிரெதிர்த் திசையில் பிழைகள் இருந்து ஒன்றையொன்று மறைத்துக்கொண்டதால்தான் தெரியவில்லை.

கருவியின் வேலை

உப்பனாறும் கெடிலமும் கடலைச் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி, நீருக்கடியில் 32 ஒலிவாங்கிகளை வரிசையாக இறக்கி, அவ்வழியே செல்லும் படகுகளின் இயந்திர ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டறிவது கருவியின் வேலை. ஒவ்வொரு ஒலிவாங்கியிலிருந்தும் வினாடிக்கு 96,000 மாதிரிகள் (ஒலியின் அளவீடுகள்) வரும். அவற்றை 64 திசைகளுக்குத் தனித்தனியாகக் காலந்தாழ்த்திக் கூட்டி, ஒவ்வொரு திசைக்கும் அலைவரிசைப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். இதற்காகத் தேர்ந்தெடுத்தது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் சி6678. 40 நானோமீட்டர் நுட்பத்தில் செய்யப்பட்ட இந்தச் சில்லில் எட்டு சி66எக்ஸ் கோர்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 512 கிலோபைட் இரண்டாம் நிலை நினைவகம் தனியாகவும், எல்லாவற்றுக்கும் பொதுவாக 4 மெகாபைட் நினைவகமும் உண்டு. நாங்கள் அதை 1 கிகாஹெர்ட்சில் ஓட்டினோம். புதிய சில்லுகள் வந்துவிட்ட காலத்தில் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் சொல்லலாம்: பத்து ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த நிரல் எங்களிடம் இருந்தது, அதை எறிய மனம் வரவில்லை.

துறைமுகத்தில் மின்வசதி இல்லாமல் இல்லை. ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது சாய்ந்த மின்கம்பங்களை நேரில் பார்த்தவர்கள் எவரும் அந்தக் கடற்கரையில் கம்பி மின்சாரத்தை மட்டும் நம்பி ஒரு கண்காணிப்புக் கருவியை வைக்க மாட்டார்கள். எனவே சூரியத் தகடும் 12 வோல்ட் பேட்டரியும் வைத்தோம். உப்புக் காற்று காரணமாக விசிறி வைக்க இயலாது. வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் எந்த விசிறியும் சில மாதங்களில் துருவேறி நின்றுவிடும், நிற்பதற்கு முன் போர்டு முழுவதும் உப்பைப் பூசிவிடும். ஆகவே முழுவதும் மூடிய அலுமினியப் பெட்டி. சில்லின் வெப்பம் ஒரு மெத்தைத் தாள் வழியாக மூடிக்கும், மூடியின் மேலுள்ள துடுப்புகள் வழியாக வெளிக்காற்றுக்கும் போக வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் சில்லின் மேற்பரப்புக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே, சில்லு எடுக்கும் ஒவ்வொரு வாட்டுக்கும் 3 டிகிரி உயர்வு இருந்தது. போர்டின் மற்ற உறுப்புகள் தம் பங்காக 6 டிகிரி சேர்த்தன. நாங்கள் வாங்கியது வணிகத் தரச் சில்லு; அதன் மேற்பரப்பு 85 டிகிரியைத் தாண்டக் கூடாது. 100 டிகிரி வரை தாங்கும் விரிவுத் தரச் சில்லு அப்போது கையிருப்பில் கிடைக்கவில்லை. வெளியே 39 டிகிரி, நேர் வெயில் பெட்டியின் மேல் விழுவதால் 5 டிகிரி, மற்ற உறுப்புகளால் 6 டிகிரி, சில்லின் 9.8 வாட்டால் 29.4 டிகிரி என்று கூட்டினால் 79.4 டிகிரி. எல்லைக்கு உள்ளே 5.6 டிகிரி இடம் இருப்பதாகத் தோன்றியது. அதிக இடமில்லைதான், ஆனாலும் போதும் என்று ஒப்புக்கொண்டோம்.

முதல் கணக்கு

9.8 வாட் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். விசிறியுடன் கூடிய மேம்பாட்டுப் போர்டைக் குளிரூட்டப்பட்ட அறையில் வைத்து, எல்லாக் கோர்களையும் ஓய்வில் நிறுத்தி அளந்தோம்: 3.0 வாட். ஒரே ஒரு கோரில் திசைக்கூட்டல் நிரலை ஓட்டினோம்: 3.85 வாட். வித்தியாசம் 0.85. அதை எட்டால் பெருக்கி 6.8, ஓய்வு நிலையின் 3.0 சேர்த்து 9.8. பிறகு எட்டு கோர்களிலும் முழு நிரலையும் நினைவகப் போக்குவரத்துடன் ஓட்டியபோது 9.9 வாட் காட்டியது. ஒரு விழுக்காட்டுப் பிழை! அன்று மாலை நேரு வீதியில் தேநீர் வாங்கித் தந்தவன் நான்தான் என்பதால் இந்த மகிழ்ச்சியின் பொறுப்பையும் ஏற்கிறேன்.

தயாரிப்பாளர் தரும் மின்செலவு மதிப்பீட்டு விரிதாளையும் நிரப்பினோம். சில்லின் எந்தப் பகுதி எத்தனை விழுக்காடு வேலை செய்கிறது, எந்த வெப்பநிலையில் என்றெல்லாம் அது கேட்கும். கோர்களின் பயன்பாட்டு விழுக்காட்டைப் பொறுமையாக நிரப்பிய நாங்கள், வெப்பநிலைக் கட்டத்தில் மேசையில் அளந்த 40 டிகிரியையே இட்டோம். விரிதாள் கேட்டது சில்லு வாழப்போகும் இடத்தின் வெப்பநிலையை. நாங்கள் தந்தது அது பிறந்த அறையின் வெப்பநிலையை. அதனால் அதுவும் 10 வாட்டை ஒட்டியே காட்டி எங்கள் நம்பிக்கையை உறுதிப்படுத்தியது. விரிதாளின் மேல் குறையில்லை.

களத்தில் நடந்தது

ஏப்ரல் வரை கருவி நன்றாக ஓடியது. மே மாதம், கத்திரி தொடங்கிய வாரத்தில், பதிவுகளில் இடைவெளி விழுந்தது. சில நாட்களில் மட்டும் 11 மணி அளவில் கருவி நின்று பிற்பகலில் தானே எழுந்தது. மற்ற நாட்களில் நிற்கவே இல்லை. சில்லின் மேற்பரப்பு 85 டிகிரியைத் தொட்டால் கணிப்பை நிறுத்தி, ஆறிய பின் மீண்டும் தொடங்குமாறு நாங்களே நிரல் எழுதியிருந்ததால் காரணம் வெப்பம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வானிலைப் பதிவில் உச்ச வெப்பநிலையைப் பார்த்தால், நின்ற நாட்களுக்கும் நிற்காத நாட்களுக்கும் மூன்று நான்கு டிகிரிக்கு மேல் வேறுபாடு இல்லை. நான்கு டிகிரிக்கு இடம் விட்டுத்தானே வடிவமைத்தோம் என்று குழம்பினோம்.

புதுச்சேரியிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில் உள்ள இடம் என்பதால் ஒரு நாள் காலையிலேயே போய் உட்கார்ந்தோம். பக்கத்து ஐஸ் தொழிற்சாலையின் காவலாளியிடம் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும்படி சொல்லியிருந்தோம். அவர் சொன்ன ஒரு வாக்கியம் எங்கள் வானிலைப் பதிவை விடப் பயன்பட்டது: “மேக்காத்து அடிக்கிற அன்னிக்குத்தான் சார் பொட்டி அவிஞ்சி போவுது. கடக்காத்து ஏறிட்டா தானா எழுந்துக்குது.” கோடையில் இக்கடற்கரையில் காலையில் நிலத்திலிருந்து வெப்பமான மேல்காற்று வீசும், நண்பகலையொட்டிக் கடற்காற்று புகுந்து வெப்பத்தைத் தணிக்கும். மேல்காற்று வலுத்த நாட்களில் கடற்காற்று தாமதிக்கும். 35 டிகிரியில் நிற்க வேண்டிய காற்று 39-க்கும் அதற்கு மேலும் போவது அந்த நாட்களில்தான். நாங்கள் விட்டிருந்த 5.6 டிகிரி இடம் மெய்யாக இருந்திருந்தால் இந்த 39-ஐயும் பெட்டி தாங்கியிருக்க வேண்டும். கணக்கே அந்த 39-க்குத்தானே போட்டது. எனவே அந்த இடமே பொய்.

பிரித்து அளந்தது

மொத்தத்தை அளப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே அளக்க முடிவு செய்தோம். ஒரு டிஎஸ்பி எடுக்கும் மின்திறன் இரு வகை. முதல் வகை இயங்கு மின்செலவு: சில்லின் உள்ளே ஒரு கம்பி 0-லிருந்து 1-க்கும் 1-லிருந்து 0-க்கும் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு மின்தேக்கம் நிரம்பி வடிகிறது, எனவே இது மாற்றத்தின் விகிதம், மின்தேக்கம், மின்னழுத்தத்தின் இருமடி, அதிர்வெண் ஆகிய நான்கின் பெருக்கம். இரண்டாம் வகை கசிவு: டிரான்சிஸ்டர் அணைந்திருக்கும்போதும் ஒழுகும் மின்னோட்டம். இதற்கு அதிர்வெண்ணும் நிரலும் ஒரு பொருட்டல்ல. மின்னழுத்தமும் வெப்பநிலையும்தான் பொருட்டு. வெப்பநிலையோடு அது நேர்கோட்டில் ஏறாமல் மடங்குகளாக ஏறும்.

இவ்விரண்டையும் பிரிக்க ஓர் எளிய வழி உண்டு. மின்னழுத்தத்தையும் வெப்பநிலையையும் மாற்றாமல் அதிர்வெண்ணை மட்டும் குறைத்துக்கொண்டே போய் அளக்க வேண்டும். ஓய்வு நிலையில், 40 டிகிரியில், 1000 மெகாஹெர்ட்சில் 3.0 வாட், 800-இல் 2.7, 600-இல் 2.35. இந்தக் கோட்டை இடப்பக்கம் நீட்டினால் அதிர்வெண் சுழியமாகும் இடத்தில் 1.4 வாட்டில் வெட்டுகிறது. அதுதான் கசிவு. மீதி 1.6 வாட் கடிகார மரங்களுக்கும் (கடிகாரத் துடிப்பைச் சில்லெங்கும் பரப்பும் கம்பிக் கிளைகள்) உட்பாதைகளுக்கும் போகும் அடிப்படைச் செலவு. மூன்று அளவீடுகளும் ஒரு நேர்கோடும் போதும். அடுத்த வேலையில் இதை முதல் நாளே செய்வோம்.

பிறகு போர்டை ஒரு மரப்பெட்டியில் வைத்து, மின்விளக்கால் சூடேற்றி அதே அளவீட்டைத் திரும்பச் செய்தோம். 55 டிகிரியில் கசிவு 2.0 வாட்டை ஒட்டி, 70-இல் 2.8, 85-இல் 4.0. ஏறத்தாழ ஒவ்வொரு 30 டிகிரிக்கும் இருமடங்கு. இது எங்கள் கையிலிருந்த ஒரு சில்லின் எண். மற்றொரு சில்லுக்கு இது வேறாகும் என்பது பின்னால் வரும்.

அடுத்து கோர்களின் செலவு. இந்த முறை கோர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரை கூட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு படியிலும் அளந்தோம். வெளி நினைவகத்தைத் தொடாத நிரல், ஆனால் கடலில் பதிவு செய்த மெய்யான ஒலி. ஒரு கோருக்கு 4.0, இரண்டுக்கு 4.7, மூன்றுக்கு 5.4 என்று ஏறி எட்டுக்கு 8.9 வாட் வந்தது. படிக்குப் படி 0.70. ஆனால் கோட்டைக் கோர் எண்ணிக்கை சுழியமாகும் இடத்துக்கு நீட்டினால் அது 3.0-இல் வெட்டவில்லை, 3.3-இல் வெட்டியது. இந்த 0.3 வாட் யாருடையது? முதல் கோர் எழும்போது அதனுடன் பொது நினைவகமும், தரவை நகர்த்தும் பொறியும், கோர்களை இணைக்கும் பாதையும் எழுகின்றன. இரண்டாவது கோர் எழும்போது அவை ஏற்கெனவே விழித்திருக்கின்றன. வீட்டுக்கு முதலில் வரும் விருந்தாளிக்காக அடுப்பு மூட்டுகிறோம். எட்டாவது விருந்தாளிக்காக மறுபடியும் மூட்டுவதில்லை. நாங்கள் 0.85-ஐ எட்டால் பெருக்கியபோது அடுப்பை எட்டு முறை மூட்டியிருந்தோம். அந்த வகையில் மட்டும் கணக்கு 2.1 வாட் அதிகம்.

இனி குறைவாகச் சொன்ன பக்கம். ஒரு கோர் சோதனையில் நாங்கள் ஊட்டிய தரவு என்ன என்று பழைய குறிப்பேட்டைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. 32 சேனல்களில் (ஒலிவாங்கிக்கு ஒன்று) இரண்டில் மட்டும் ஒரு சைன் அலை. மீதி முப்பதிலும் சுழியம். விடை சரியாக வருகிறதா என்று பார்க்க வசதியான தரவு அது. ஆனால் சுழியத்தைச் சுழியத்தால் பெருக்கும் பெருக்கியில் கம்பிகள் அசைவதில்லை. நிரல் அதே, சுழற்சிகளின் எண்ணிக்கை அதே, கோரின் பயன்பாட்டு விழுக்காடும் அதே. ஆனால் முதற்கோரின் தனிச்செலவு 0.55 வாட்டாகவே இருந்தது. கடலின் இரைச்சலை ஊட்டியதும் அது 0.70 ஆயிற்று. டிஎஸ்பி மின்செலவைப் பயன்பாட்டு விழுக்காட்டை மட்டும் வைத்து மதிப்பிடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். பொதுப்பயன் செயலியைவிட டிஎஸ்பியில் இது முக்கியம், ஏனெனில் இதன் பரப்பில் பெரும் பங்கு பெருக்கிகளுடையது, அவை ஒவ்வொரு சுழற்சியிலும் பல பெருக்கல்களை ஒருசேரச் செய்கின்றன. எட்டு கோர்களுக்கும் சேர்த்து இது 1.2 வாட் குறைவு.

மற்றொன்று வெளி நினைவகம். ஒரு கோர் சோதனையில் தரவு முழுவதும் கோரின் சொந்த 512 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டதால் டிடிஆர்3 நினைவகப் பாதை உறங்கிக்கொண்டிருந்தது. முழு நிரலில் அது விழித்து, கட்டுப்படுத்தியும் 1.5 வோல்ட் பாதையுமாகச் சேர்ந்து 1.0 வாட் எடுத்தது.

ஆக, அதிகமாகச் சொன்னது 2.1, குறைவாகச் சொன்னது 1.2-உம் 1.0-உம் சேர்த்து 2.2. வித்தியாசம் 0.1 வாட். எங்கள் ஒரு விழுக்காட்டுத் துல்லியத்தின் முழு வரலாறு இதுதான்.

மொத்தம் சரியாக இருக்கும்போது உறுப்புகள் தவறினால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். சூழ்நிலை மாறாத வரை எதுவும் கெடாது. சூழ்நிலை மாறும்போது ஒவ்வொரு உறுப்பும் தன் போக்கில் மாறும். அப்போது சமன் குலையும். பேட்டரியை மிச்சப்படுத்த இரவில் இரண்டு கோர்களை மட்டும் ஓட்டத் திட்டமிட்டிருந்தோம். பழைய கணக்குப்படி அது 4.7 வாட். மெய்யாக அளந்தபோது, அதே 40 டிகிரியிலேயே, 5.5 வாட். கோர்களைக் குறைத்ததால் அதிகமாகச் சொன்ன பிழை சுருங்கியது. ஆனால் 32 சேனல்களின் தரவு வந்துகொண்டே இருந்ததால் வெளி நினைவகத்தின் செலவு 0.8 வாட்டுக்குக் கீழே இறங்கவில்லை. ஓர் இரவில் இது பெரிதல்ல. வடகிழக்குப் பருவத்தில் வெயிலே இல்லாமல் மூன்று நாட்கள் போகும்போது பெரிது.

வெப்பமும் கசிவும் ஒன்றையொன்று வளர்ப்பது

இப்போது நண்பகலுக்கு வருவோம். மேசையில் 40 டிகிரியில் 9.9 வாட் என்றால், அதில் கசிவு 1.4, மற்றது 8.5. இந்த 8.5 வெப்பத்தால் பெரிதாக மாறாது. பெட்டிக்குள் சில்லு சூடாகும். சூடானால் கசிவு கூடும். கசிவு கூடினால் மேலும் சூடாகும். ஆகவே வெப்பநிலையையும் மின்திறனையும் தனித்தனியே கணக்கிட முடியாது. ஒன்றை ஊகித்து மற்றதைக் கண்டு, அதைக் கொண்டு முதலாவதைத் திருத்தி, இரண்டும் அசையாமல் நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். நான்கைந்து சுற்றில் நின்றுவிடும், கையாலேயே செய்யலாம்.

வெளிக்காற்று 39, வெயில் 5, மற்ற உறுப்புகள் 6 என்று 50 டிகிரியில் தொடங்கி, வாட்டுக்கு 3 டிகிரி வீதம் சுற்றிக்கொண்டே போனால், சில்லு 12.8 வாட்டிலும் 88.3 டிகிரியிலும் நிற்கிறது. எல்லை 85. கடற்காற்று வந்து வெளியே 35 டிகிரி ஆன நாளுக்கு அதே கணக்கைப் போட்டால் 12.3 வாட், 82.8 டிகிரி. காவலாளி கண்ணால் கண்டதைத்தான் இந்த இரண்டு எண்களும் சொல்கின்றன: மேல்காற்று நாளில் நிற்கும், கடற்காற்று நாளில் மயிரிழையில் தப்பும்.

இதில் ஒரு நுட்பத்தை நின்று பார்க்க வேண்டும். வெளியே கூடியது 4 டிகிரி. சில்லில் கூடியது 5.5 டிகிரி. கசிவின் பின்னூட்டம் வெளி வெப்பத்தைப் பெருக்கித் தருகிறது. அந்த வெப்பநிலையில் சில்லு ஒரு டிகிரி ஏறினால் கசிவு 0.1 வாட் கூடுகிறது, 0.1 வாட் பெட்டியில் 0.3 டிகிரியை உண்டாக்குகிறது, அந்த 0.3 மீண்டும் 0.09-ஐ உண்டாக்குகிறது, இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு டிகிரியும் 1.4 டிகிரியாக முடிகிறது. வெப்பம் வெளியேறும் பாதை இதைவிட இன்னும் மோசமாக இருந்திருந்தால் அந்தத் தொடர் முடிவடையாது. சில்லு தன்னைத்தானே எரித்துக்கொள்ளும் நிலைக்குப் போயிருக்கும். மூடிய பெட்டியில் வைக்கும் எந்தப் பல்கோர் சில்லுக்கும் இந்தப் பெருக்கத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது வெப்பநிலையைக் கணக்கிடுவதை விட அவசியம் என்பது என் கருத்து.

செய்த திருத்தங்கள்

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது அதிர்வெண்ணைக் குறைப்பது. நாங்களும் 800 மெகாஹெர்ட்சுக்கு இறக்கிப் பார்த்தோம். எதிர்பார்த்த அளவு பயன் இல்லை. இந்தச் சில்லில் மையப் பகுதியின் மின்னழுத்தத்தைச் சில்லே கேட்டு வாங்குகிறது. ஆலையில் சோதித்தபோது ஒவ்வொரு சில்லுக்கும் பொறித்த எண்ணின்படி அது மாறாமல் நிற்கும். அதிர்வெண்ணைக் குறைத்தாலும் மின்னழுத்தம் குறையாது. ஒரே வேலையை மெதுவாக நெடுநேரம் செய்வதும், விரைவாகச் செய்துவிட்டு ஓய்வதும் கோர்களின் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான். கடிகார மரத்தில் கிடைத்த சிறு மிச்சத்துக்காகக் காலக்கெடுவைத் தவறவிடும் ஆபத்தை ஏற்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

பலன் தந்தது வெளி நினைவகம். ஒரே தடவையில் கணிக்கும் 10 மில்லிவினாடிச் சட்டகம் ஒன்றின் அளவைக் கணக்கிட்டால், 32 சேனல்கள், சேனலுக்கு 960 மாதிரிகள், மாதிரிக்கு 4 பைட். மொத்தம் 120 கிலோபைட். 64 திசைகளின் விடை 240 கிலோபைட். இவை யாவும் 4 மெகாபைட் பொது நினைவகத்தில் தாராளமாக அடங்கும். அப்படியிருந்தும் ஏன் டிடிஆரில் வைத்திருந்தோம்? பழைய நிரலில் அப்படி இருந்தது, அவ்வளவுதான். இடைநிலைத் தரவு முழுவதையும் உள்ளே கொண்டுவந்தோம். மூல ஒலியின் பதிவை மட்டும் அவ்வப்போது மொத்தமாக டிடிஆருக்குத் தள்ளிவிட்டு, மற்ற நேரங்களில் டிடிஆரைத் தன்புதுப்பிப்பு உறக்கத்தில் (தரவை மட்டும் தானே காத்துக்கொள்ளும் நிலை) வைத்தோம். 1.0 வாட் 0.2 ஆயிற்று.

மீதி இரண்டு திருத்தங்கள் மின்னணுவியல் அல்ல, கொத்துவேலை. பெட்டியின் மேல் நான்கு விரற்கடை இடைவெளியில் வெள்ளை பூசிய தகரக் கூரை ஒன்றை அமைத்ததும் வெயிலின் 5 டிகிரி 1 ஆகக் குறைந்தது. தடித்த மெத்தைத் தாளுக்குப் பதிலாகச் செம்புக் கட்டை ஒன்றை வைத்ததும் வாட்டுக்கு 3 டிகிரி என்பது 2.4 ஆயிற்று. புதிய எண்களுடன் சுற்றிப் பார்த்தால் 39 டிகிரி நாளில் சில்லு 10.6 வாட்டிலும் 71.4 டிகிரியிலும் நிற்க வேண்டும். களத்தில் அளந்தது 72. இந்த முறை யாரும் தேநீர் வாங்கித் தரவில்லை. உறுப்புகளைத் தனித்தனியே சரிபார்த்த பிறகுதான் நம்பினோம்.

திருத்தங்களில் பெரிய பங்கு எதற்கு என்று பார்த்தால், 0.8 வாட் மிச்சமானது நிரலில். ஆனால் வெப்பம் 17 டிகிரி குறைந்ததால் கசிவில் தானாக மிச்சமானது 1.4 வாட். தகரக் கூரை ஒரு மின்சிக்கனக் கருவி என்று எங்கள் கணக்குப் பிரிவிடம் விளக்கிச் சொல்வதற்குத்தான் சற்று நேரம் பிடித்தது.

இரண்டாவது போர்டு

அடுத்த கருவிக்காக வாங்கிய இரண்டாவது போர்டை மேசையில் வைத்து, பழைய நிரலையே ஓட்டி அளந்தபோது 10.8 வாட் வந்தது; முதல் போர்டைவிட 0.9 வாட் அதிகம். குறையுள்ள சரக்கு என்று திருப்பி அனுப்பக் கடிதமும் தயாராகிவிட்டது. அனுப்புவதற்கு முன் அதிர்வெண் சோதனையைச் செய்து பார்த்தோம். இந்தச் சில்லு கேட்ட மின்னழுத்தம் 1.05 வோல்ட், முதல் சில்லு கேட்டது 0.95. இருமடியின் விகிதம் 1.22, ஆகவே மைய மின்பாதையின் இயங்கு செலவு ஐந்தில் ஒரு பங்கு கூடியது இயல்பே. ஆனால் 40 டிகிரியில் இதன் கசிவு 0.9 வாட் மட்டுமே. உற்பத்தியில் டிரான்சிஸ்டர்கள் சற்று மந்தமாக அமைந்த சில்லு ஒழுகலும் குறைவாகவே ஒழுகும். குறித்த வேகத்தை எட்ட அதற்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. துடிப்பாக அமைந்த சில்லு குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும், அதிகமாக ஒழுகும். சில்லுக்குச் சில்லு மின்னழுத்தத்தை மாற்றித் தரும் ஏற்பாடே இந்த இரண்டையும் ஓரளவு சமன்செய்யத்தான்.

இவ்விரு சில்லுகளையும் திருத்தத்துக்கு முந்தைய பெட்டியில், மேல்காற்று நாளில் வைத்ததாகக் கணக்கிட்டால் முதலாவது 12.8 வாட், இரண்டாவது 12.6. மேசையில் மோசமாகத் தெரிந்தது வெயிலில் முந்துகிறது. திருத்திய பெட்டியில் நண்பகலில் 10.6-உம் 10.9-உம், இரவில் 28 டிகிரியில் 9.8-உம் 10.4-உம். கடிதத்தைக் கிழித்துவிட்டோம். நிழலும் காற்றும் உள்ள இடத்துக்கு முதல் வகைச் சில்லையும், கூரை அமைக்க இடமில்லாத இடத்துக்கு இரண்டாம் வகையையும் அனுப்புவது என்று முடிவாயிற்று. போர்டு வந்ததும் மின்னழுத்த எண்ணைப் படித்து, 40 டிகிரியிலும் 70 டிகிரியிலும் கசிவை அளந்து, இரண்டையும் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டும் வழக்கம் அன்று தொடங்கியது. முதுநகரில் இருக்கும் பெட்டியின் உள்ளே அந்தச் சீட்டில் 0.95, 1.4, 2.8 என்று எழுதியிருக்கிறது.